ரோட்டுக்கு அடியிலிருக்கும் மண்

நில அலுவலகத்தில் அன்றைக்கு எனக்குக் கைதட்டல் கிடைக்காத குறைதான். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

எங்களுடையது செடிப் பண்ணை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அதை ஒட்டி நாற்றுப் பாத்திகளும். அந்தப் பக்கம் பச்சை வலை போட்ட கொட்டகைகள், தண்ணீர்த் தொட்டி, விற்பனைக்கு அடுக்கிய பூச்சட்டிகள். நடுவில் ரோடு. அதில் பஸ், லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் போகும். இரண்டு பெண்கள் எங்களிடம் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் இந்தச் செடிகளை நம்பித்தான் எரிகின்றன.

திடீரென்று ஒரு புது விதி வந்தது. செடி வளர்த்து விற்க இனிமேல் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமானால் ஒரே ஆளுக்குச் சொந்தமாக, இடையில் வேறு யார் நிலமும் குறுக்கிடாமல், இரண்டு ஏக்கர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு ஏக்கர், அந்தப் பக்கம் ஒன்றேகால். கூட்டினால் தாராளமாகத் தேறும். ரோடுதான் கூட்ட விடவில்லை.

அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தது ஒரு பெண் அதிகாரி. சின்ன வயது, அதட்டத் தெரியாத குரல். வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, பென்சிலால் ரோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டும் தனித்தனித் துண்டுங்க சார். நடுவுல பொது ரோடு போகுதே."

என் வீட்டுக்காரர், "சரிங்க மேடம்" என்று எழுந்துவிட்டார். அவர் அப்படித்தான். உட்கார் என்றால் உட்காருவார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார். எங்கள் வீட்டில் நிலம், பத்திரம், வரி எல்லாம் அவர் பொறுப்பு, செடியும் வாயும் என் பொறுப்பு. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தேன்.

"அதெப்படி மேடம் தனித்தனி ஆகும்? இந்தப் பக்கம் நாத்து விடுறோம், அந்தப் பக்கம் வளர்க்குறோம். ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. நடுவுல ரோடு போச்சுன்னா நான் ரெண்டு பொம்பளை ஆயிடுவேனா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பென்சிலை அவர் எடுக்கவில்லை.

"ரோடு இருக்கறது பிரச்சினை இல்லம்மா. ரோட்டுக்கு அடியில இருக்கற மண்ணு யாருதுன்னு பாக்கணும். அரசாங்கம் வாங்கின மண்ணுன்னா அது வேற ஆள் நிலம், குறுக்க வந்துடுது. உங்க மண்ணு, ஜனங்க போக வர வழி மட்டும் விட்டிருக்கீங்கன்னா, மண்ணு இன்னமும் உங்களுதுதான். அப்ப ரெண்டும் ஒட்டின நிலம்னு நானே எழுதிக் குடுப்பேன்."

எனக்கு வேறென்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

என் மாமனாருக்கு இந்த வட்டாரத்தில் 'கயிற்றுக்காரர்' என்று பட்டப்பெயர். ரோடு போட வந்தபோது அவர் ஒரு பைசா வாங்கவில்லை. மண்ணை விற்க மாட்டேன், வழி வேண்டுமானால் விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சும்மா விட்டால் நாளைக்கு எல்லாரும் மறந்துபோவார்கள் என்று வருஷத்துக்கு ஒரு நாள் காலையில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டுவார். இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு கல்தூண். ஒரு மணி நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பஸ்காரன் ஹாரன் அடிப்பான், லாரிக்காரன் வண்டை வண்டையாகத் திட்டுவான். நேரம் ஆனதும் கயிற்றை அவிழ்த்து, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மானம் போகும். அலுவலகத்தில் அதே கதையை மார்தட்டிச் சொன்னேன்.

"நிஜந்தாங்க மேடம்" என்றது பின்னால் ஒரு குரல். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், வேறு ஏதோ வேலையாக வந்தவர். "நானே அந்தக் கயித்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டுப் பல்லக் கடிச்சிருக்கேன். மனுஷன் எனக்கு டீ வேற வாங்கிக் குடுத்தாரு."

அதிகாரி பென்சிலை எடுத்துவிட்டார். "நல்லதும்மா. நான் இடத்துக்கு வந்து பாக்கறேன். உங்க குடும்பத்துல இன்னொருத்தரும் இதைச் சொல்லணும். வேற வாரிசு யாரும் இருக்காங்களா?"

"ஒரே நாத்தனார், மேடம். அவருக்குத் தங்கச்சி. இதே ரோட்டுலதான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறா. வந்து சொல்லுவா."

வெளியே வரும்போது வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம், "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்மா நீ" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் எதையோ பறிகொடுத்தவர் போல நடந்து வந்தார்.

"அந்தப் பக்கத்த விட்டுடலாம்" என்றார் வழியில்.

"என்னது?"

"கொட்டகையப் பிரிச்சுடலாம். இந்தப் பக்கம் மட்டும் வீட்டுச் செடி மாதிரி வச்சுக்கலாம். எதுக்கு வம்பு?"

"உங்க அப்பா வருஷா வருஷம் நடுரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்தாரு. நீங்க ஜெயிச்ச கேஸ விட்டுட்டு வரேங்கறீங்க. அவருக்குப் பொறந்த புள்ளதானா நீங்க?"

அவர் முன்னால் நடந்துவிட்டார். பயந்த சுபாவம் என்று நினைத்தேன். மாமனார் போன பிறகு இவர் ஒரு வருஷம்கூட அந்தக் கயிற்றைக் கட்டியதில்லை. கேட்டால், "காலம் மாறிப்போச்சு, எவனாவது ஏத்திட்டுப் போயிடுவான்" என்பார். அதையும் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட எடுத்தேன். "அவள ஏன் இழுக்கற?" என்று கையைப் பிடித்தார். "அவ தினம் நம்ம வாசல அடைச்சு வேன நிறுத்தறத நான் பொறுத்துக்கல? ஒரு தடவை நமக்கு உதவட்டும்" என்று கையை உதறிவிட்டேன்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் போன பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறாள். எனக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது, ஆனால் ஒட்டுதலும் கிடையாது. வேன் வாங்கிய புதிதில் ஒரு நாள் வந்து, "அண்ணி, மத்தியானம் வண்டிய உங்க கொட்டகை ஓரமா நிழல்ல நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு வேறு ஏதோ எரிச்சல். "உன் பங்கத்தான் வாங்கிட்டியே, அதுல நிறுத்திக்கோயேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "சரிங்க அண்ணி" என்று போய்விட்டாள். அதிலிருந்து மத்தியானமானால் எங்கள் வாசலுக்கு நேரே, ரோட்டு ஓரத்தில், வெயிலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். வாடிக்கையாளர் வருகிற இடத்தை அடைத்துக்கொண்டு என்ன திமிர் பார் என்று வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிப் புலம்புவேன்.

அவளுக்குப் பங்கு கொடுத்தது எனக்குத் தெரியும். மாமனார் போன பிறகு அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொண்டார்கள். "அவளுக்கு நல்ல இடமா, வண்டி வாகனம் போற இடமாப் பாத்துக் குடுத்துட்டேன்" என்றார் இவர். ரோட்டு முனையில் எங்கேயோ கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அங்கே அவள் ஒன்றும் கட்டவில்லையே என்று ஒரு நாள் கேட்டதற்கு, "வித்துத் தின்னிருப்பா" என்றார். நானும் அதையே நாலு பேரிடம் சொன்னேன்.

போனில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் நான் பேசியதை விலாவாரியாகச் சொன்னேன்.

"அப்பா கயிறு கட்டினதச் சொல்லணும். அவ்வளவுதானே அண்ணி?"

"அவ்வளவுதான்."

"அண்ணன் என்ன சொல்றான்?"

"உங்க அண்ணன் என்னைக்கு என்ன சொல்லிருக்காரு?"

"வரேன்" என்றாள் அவள்.

அதிகாரி வருகிற நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டிவிடலாம். பரணில் கிடந்த மாமனார் கயிற்றை எடுத்துத் தூசி தட்டினேன். அவருடைய நாற்காலியையும் துடைத்து எடுத்து வந்தேன். கணவர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"கட்டாத" என்றார்.

"ஏன்? போலீஸ் வருமா?"

"சொன்னாக் கேளு. கட்டாத."

"காரணம் சொல்லுங்க, கட்டல."

வாயில் நுரையோடு என்னைப் பார்த்தபடி நின்றார். சொல்லியிருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர அப்போது அங்கே யாரும் இல்லை. அவர் போய் வாய் கொப்பளித்தார், நான் போய்க் கயிறு கட்டினேன்.

மரத்தில் ஒரு முனை, தூணில் ஒரு முனை. நடுவில் ஒரு சிவப்புத் துணியையும் முடிந்துவிட்டேன், யாரும் மோதிவிடக் கூடாதே என்று. தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வேலைக்காரப் பெண்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு லாரி வந்து நின்றது, ஒரு பால் வண்டி, இரண்டு மோட்டார் சைக்கிள். அதிகாரியும் அளவு பார்ப்பவரும் ஜீப்பில் வந்து இறங்கியபோது நான் எழுந்து, மாமனார் போடுவாரே அதே மாதிரி ஒரு கும்பிடு போட்டேன்.

"பாத்தீங்களா மேடம்? எங்க மண்ணு. அதனாலதான் கட்ட முடியுது."

அதிகாரி சிரித்தார். "சீக்கிரம் முடிச்சிடலாம்மா, வண்டி நிக்குது." அளவு பார்ப்பவர் டேப்பை விரித்துக்கொண்டே ரோட்டில் இறங்கினார்.

அப்போதுதான் மஞ்சள் வேன் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வருகிறாள் நாத்தனார். கயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினாள். நேரே வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போன மாதிரி இருந்தது. அப்பாவின் கயிறு அல்லவா.

"யாரு கட்டினது?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"யாரக் கேட்டுக் கட்டினீங்க அண்ணி?"

கேலி பேசுகிறாள் என்று நினைத்து, "யாரக் கேக்கணும்? நம்ம மண்ணுதானே?" என்றேன்.

"உங்க மண்ணு இல்ல அண்ணி. என்னோடது."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் திரும்பவில்லை. எனக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னது உன்னோடது?" என்று கேட்டேன்.

"ரோடு." அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "மேடம், எங்கப்பா வருஷா வருஷம் இங்க கயிறு கட்டினது நிஜம். மண்ண விக்கல, வழிதான் விட்டாரு. அதச் சொல்லத்தான் வந்தேன். அப்பா போனப்புறம் நாங்க பங்கு பிரிச்சோம். ரெண்டு பக்கமும் எங்கண்ணனுக்கு. நடுவுல ஓடுற ரோடு, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும், எனக்கு."

அதிகாரி அவளை நம்ப முடியாமல் பார்த்தார். "ரோடு மட்டுமாம்மா? அதுல வீடு கட்ட முடியாது, விதைக்க முடியாது."

"ரோட்டோரம் நீள நெடுகக் குடுக்கறேன், கடை கட்டலாம், வாடகைக்கு விடலாம்னு சொன்னான். அண்ணன் சொல்றான்னு கையெழுத்துப் போட்டேன். அப்புறமா ஒரு நாள் கடை கட்டலாம்னு மேஸ்திரியக் கூட்டிட்டு அளக்க வந்தேன். டேப்ப இழுத்துட்டே போன மேஸ்திரி நடு ரோட்டுல போய் நின்னுட்டு, 'ஏம்மா, இங்கயா கட்டறது?'னு கேட்டாரு."

அளவு பார்ப்பவர் அப்போது கையில் டேப்போடு நடு ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். மெல்ல ஓரத்துக்கு வந்துவிட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாசல் ஓரத்தில் இருந்த ரோஜாச் செடியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு இலை, இன்னொரு இலை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காத்திருந்தேன். பொய்யாவது சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் பச்சை இலையையும் கிள்ள ஆரம்பித்தார்.

நாற்காலி என் காலுக்குப் பின்னால் இடித்தது. அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்து கும்பிடு போட்ட என்னை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. அவளுடைய மண்ணில் கயிறு கட்டி, அவளையே அந்தக் கயிற்றுக்கு முன்னால் நிறுத்தி, அவளையே சாட்சிக்கும் கூப்பிட்டிருக்கிறேன். உன் பங்கில் வண்டியை நிறுத்திக்கொள் என்று சொன்னதும் இதே வாய்தான். அவளும் அங்கேதான் நிறுத்தினாள். நான் அதைத் திமிர் என்று ஊரெல்லாம் சொன்னேன். வித்துத் தின்றாள் என்றும் சொன்னேன்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றது அண்ணி? என்ன சொன்னாலும் எங்கண்ணனத்தானே சொல்லணும். வெக்கமா இருந்துது."

வெட்கப்பட வேண்டியவர் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக இத்தனை காலம் அவள் வெட்கப்பட்டிருக்கிறாள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கும் சங்கடம்தான், பாவம். ஆனால் வந்த வேலையை முடிக்க வேண்டுமே.

"சார், அப்படின்னா ரோட்டு மண்ணு உங்களுது இல்ல. நடுவுல இன்னொருத்தர் நிலம் இருக்கு. ரெண்டையும் ஒட்டின நிலமா என்னால எழுத முடியாது." நாத்தனாரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவங்களா மனசு வச்சு அதை உங்களுக்கு விட்டுக் குடுத்தாத்தான் உண்டு."

இலை கிள்ளிய கை நின்றது. என் வீட்டுக்காரர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். தங்கையைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்தார்.

"குடுத்துடுவா மேடம். அவளுக்கு அது எதுக்கு? ஒண்ணும் பண்ண முடியாது அதுல. எதுல கையெழுத்து வாங்கணும்னு சொல்லுங்க."

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவர் கேட்டது மட்டும் காரணமில்லை. ஒரு கண நேரம் எனக்குள்ளும் அந்த ஆசை எட்டிப் பார்த்தது. கொட்டகைகள் தப்பிக்கும், வேலைக்காரப் பெண்கள் தப்பிப்பார்கள், அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நாத்தனார் கோபப்படவில்லை. ரோட்டில் நடந்து அண்ணனுக்கு எதிரே போய் நின்றாள். அவர் வாசல் மண்ணில் நின்றார், அவள் தாரில் நின்றாள்.

"மேடம்கிட்டச் சொல்லாதண்ணா. என்னக் கேளு."

"அதான் சொல்றேனே."

"என்ன சொல்ற? என்னப் பாத்துக் கேளு. என்ன வேணும்?"

"அந்த இடம்தான்."

"எந்த இடம்?"

"ஊரே பாக்குது. எல்லாத்தையும் வீட்டுல பேசிக்கலாம்."

"கேக்குறது ரொம்பச் சின்னதுண்ணா. 'உனக்குப் பங்குன்னு நான் குடுத்த ரோட்ட எனக்குத் திருப்பிக் குடு'ன்னு சொல்லு. சொல்லிட்டேன்னா இப்பவே, இந்த இடத்துலயே கையெழுத்துப் போடறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். அத நீ வாய் தொறந்து சொல்லி என் காதுல விழணும்."

லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டான். பால்காரரும் மோட்டார் சைக்கிள்காரர்களும் இறங்கி நின்றார்கள். வேலைக்காரப் பெண்களில் மூத்தவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை சிரிப்புக்காக இல்லை. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் பண்ணை பிழைக்கும். சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். உரிமத்துக்காகக் கெஞ்சினேனா, இந்த ஆளோடுதானே மிச்சக் காலத்தையும் ஓட்ட வேண்டும் என்று கெஞ்சினேனா, எனக்கே தெரியாது.

அவர் உதடு அசைந்தது. ஏதோ சொல்லத்தான் போனார். பிறகு சுற்றி நின்றவர்களை ஒரு முறை பார்த்தார். "செடிக்குத் தண்ணி விடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல வெயில் ஏறிய நேரம். அந்த நேரத்தில் நாற்றுக்கு யாரும் தண்ணீர் விட மாட்டார்கள், வெந்துபோகும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் போய்க் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. நாத்தனார் வந்து என் கையை மெதுவாக விலக்கினாள்.

"விடுங்க அண்ணி. நானே அவுத்துக்கறேன்."

மரத்தில் அவிழ்த்தாள், போய்த் தூணில் அவிழ்த்தாள். சிவப்புத் துணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி வளையமாக்கி வேனில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

"நான் தெரியாமப் பேசிட்டேன்மா. அன்னைக்கு நிழல்ல நிறுத்தக் கேட்டியே..."

"தெரியாமத்தான் பேசினீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணி. அதான் சிரிச்சேன்." வண்டியைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள், "கேக்கறதுக்கு அவனுக்கு எப்ப வாய் வருதோ, அப்பச் சொல்லி அனுப்புங்க. நான் இதே ரோட்டுலதானே போய் வரேன்."

வேன் போனது. பின்னாலேயே லாரி, பால் வண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாம் போயின. போகும்போது லாரிக்காரன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

தூண் பக்கம் ஜீப்பின் முன்பகுதியில் காகிதத்தை விரித்து வைத்திருந்தார் அதிகாரி. நான் அங்கே போனேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அம்மா, இன்னைக்கே எழுதணும்னு அவசியம் இல்ல. நாள் வேணும்னா குடுக்கறேன். உங்க வீட்டுக்காரர் மனசு மாறி..."

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்று வெந்துகொண்டிருந்தது. அவர் வெளியே வரவில்லை.

"இல்ல மேடம். வேற வேற துண்டுன்னே எழுதிடுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கொட்டகையெல்லாம் எடுத்தாகணும். அன்னைக்கு ஆபீசுல அவ்வளவு பேசினீங்களே."

"பேசினேன் மேடம். ரெண்டும் ஒட்டித்தான் இருக்குன்னு அப்ப நானும் நம்பினேன்."

எழுதினார். நானும் சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டேன். ஜீப் புறப்பட்டுப் போனது. வேலைக்காரப் பெண்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளையிலிருந்து வேலை உண்டா என்று கேட்க அவர்களுக்கு மனசு வரவில்லை, சொல்ல எனக்கும் வரவில்லை. சின்னவள் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டாள். இருவரும் ரோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் போனார்கள்.

நானும் போக வேண்டும். உலை வைக்க வேண்டும், மோட்டாரை நிறுத்த வேண்டும், அந்த மனுஷனிடம் ஏதாவது கேட்க வேண்டும். ரோட்டு ஓரத்துக்கு வந்து நின்றேன்.

"அக்கா, வாங்க. வண்டி ஒண்ணும் வரல" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள் பெரியவள்.

எனக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை ரோடு காலியாகத்தான் கிடந்தது. கால் வைக்கக் கூசியது.